ஆறு வளர்த்த ஊர்: சிரம்பான்



ஆறில்லாத ஊருக்கு அழகில்லை என்று நம் முன்னோர் கூறுவர். மதுரைக்கு வைகையும் திருச்சிராப்பள்ளிக்குக் காவிரியும் வாய்த்தது போல, நாம் வாழும் சிரம்பானுக்கும் ஓர் ஆறு வாய்த்துள்ளது. அதுவே லிங்கி ஆறு. நகரின் பாலங்களைத் தினமும் கடந்து செல்வோர் பலர், கீழே ஓடும் அந்தக் கலங்கல் நீரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் அந்த ஆறு இல்லையேல் இந்த நகரம் இல்லை. அவ்வரலாற்றை அறிவது நம் கடமையாகும்.

ஆறும் ஊரும்

லிங்கி ஆறு சிரம்பானுக்கு அருகிலுள்ள மலைகளில் தோன்றுகிறது. நகரின் ஊடே பாய்ந்து, ராசா, ரந்தாவ் வட்டாரங்களைக் கடந்து, லிங்கி என்னும் சிற்றூரை அடைகிறது. பின்னர் கோலா லிங்கியில் மலாக்கா நீரிணையோடு கலக்கிறது. அக்கழிமுகமே நெகிரி செம்பிலானுக்கும் மலாக்காவுக்கும் எல்லையாக அமைந்துள்ளது.

முற்காலத்தில் இவ்வட்டாரம் சுங்கை ஊஜோங் என்று வழங்கப்பட்டது. சுமத்திராவிலிருந்து வந்து குடியேறிய மினாங்கபாவ் மக்கள் இங்கே வாழ்ந்தனர். தாய்வழிச் சொத்துரிமையைப் போற்றும் ‘அடாட் பெர்ப்பாத்தே’ என்னும் வழக்கத்தை அவர்களே கொண்டுவந்தனர். இன்றும் இம்மாநிலத்தில் அவ்வழக்கம் உயிரோடு இருக்கிறது.

ஈயமும் சண்டையும்

19ஆம் நூற்றாண்டில் இங்கே வெள்ளீயம் மிகுதியாகத் தோண்டி எடுக்கப்பட்டது. ஈய லம்பங்களில் வேலை செய்யச் சீனர்கள் திரளாக வந்தனர். அந்நாளில் நல்ல சாலைகள் இல்லை, இருப்புப்பாதையும் இல்லை. ராசாவில் படகேற்றப்பட்ட ஈயம் லிங்கி ஆற்றின் வழியே கடலை அடைந்து மலாக்காவுக்குச் சென்றது. அரிசியும் துணியும் பிற பண்டங்களும் அதே ஆற்றின் வழியே மேலேறி வந்தன. ஆறே அன்றைய நெடுஞ்சாலை.

நெடுஞ்சாலை என்றால் சுங்கமும் உண்டு அல்லவா? ஆற்றங்கரையில் மரக்கோட்டைகளை அமைத்து, கடந்து செல்லும் படகுகளிடம் பலர் வரி வாங்கினர். ஆற்றை ஆள்பவர் யாரோ, அவரே செல்வத்தை ஆள்பவர் என்ற நிலை ஏற்பட்டது. ஆகவே பகையும் மூண்டது. சீனர்களின் தலைவராக விளங்கிய காப்பித்தான் ஷின் 1860ஆம் ஆண்டு கலவரத்தில் கொல்லப்பட்டார். அவருக்குப்பின் சுங்கை ஊஜோங்கின் காப்பித்தான் ஆனவர் யாப் ஆ லோய். இவரே பின்னாளில் கோலாலம்பூரை வளர்த்தெடுத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

சுங்கை ஊஜோங்கின் தலைவர்களான டத்தோ கிளானாவுக்கும் டத்தோ பண்டாருக்கும் இடையிலும் போட்டி நிலவியது. 1874ஆம் ஆண்டு டத்தோ கிளானா சையது அப்துல் ரகுமான் பிரிட்டிஷாருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். டத்தோ பண்டார் அதனை ஏற்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் போர் மூண்டது. டத்தோ பண்டார் தோற்றார். இவ்வாறு ஓர் ஆற்றின் வரிக்காக எழுந்த பூசல், இந்நாடு அந்நியர் ஆட்சிக்கு உட்படக் காரணங்களுள் ஒன்றாயிற்று. 1895ஆம் ஆண்டு நெகிரி செம்பிலானின் சிற்றரசுகள் ஒன்றுபட்டன. 1896ஆம் ஆண்டு அது இணைக்கப்பட்ட மலாய் மாநிலங்களுள் ஒன்றானது.

இரயிலும் தோட்டங்களும்

ஆறு தன் பயனை எவ்வாறு இழந்தது? லம்பங்களிலிருந்து வெளியேறிய மணலும் சேறும் ஆற்றில் படிந்து அதன் அடித்தளத்தை மேடாக்கின. படகுப் போக்குவரத்துத் தளர்ந்தது. 1891ஆம் ஆண்டு சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே ஏறக்குறைய 39 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை திறக்கப்பட்டது. தைப்பிங், கிள்ளான் பாதைகளுக்கு அடுத்து மலாயாவில் தோன்றிய மூன்றாவது இருப்புப்பாதை அது. ஈயம் ஆற்றை விட்டு இரயிலேறியது.

ஈயத்தைத் தேடி வந்தோர் சீனர் என்றால், காட்டை அழித்துத் தோட்டம் கண்டோர் நம்மவர். முதலில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. காப்பியின் விலை வீழ்ந்தபின், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை ரப்பர்த் தோட்டங்களாயின. திருச்சி, தஞ்சாவூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் கங்காணிகளின் வழியே வந்து சேர்ந்தனர். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டினர், சாலை அமைத்தனர், இருப்புப்பாதை வேலையிலும் உழைத்தனர். லயங்களில் வாழ்ந்தவாறே கோயில் எழுப்பினர். தம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளியும் கண்டனர். 1938ஆம் ஆண்டு இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தை நிறுத்தும்வரை இவ்வருகை தொடர்ந்தது.

ஆகவே சிரம்பானை வளர்த்தவை இரண்டு: ஒன்று ஆறு, மற்றொன்று உழைப்பாளியின் கை.

காணத் தக்க இடங்கள்

விடுமுறை நாளில் பெற்றோருடன் சென்று காணத் தக்க இடங்கள் சில உள்ளன.

ஏரிப் பூங்கா: நகரின் நடுவே அமைந்தது. அதன் அருகே ஒன்பது தூண்களையுடைய மாநிலப் பள்ளிவாசல் நிற்கிறது. ‘செம்பிலான்’ என்றால் ஒன்பது அல்லவா? அத்தூண்கள் மாநிலத்தின் ஒன்பது பகுதிகளைக் குறிக்கின்றன.

பழைய மாநிலச் செயலகம்: 1912ஆம் ஆண்டில் எழுந்த வெண்ணிறக் கட்டடம். கோலாலம்பூர் இரயில் நிலையத்தை வடிவமைத்த ஹப்பேக் என்பவரே இதனையும் வடிவமைத்தார்.

மாநில அரும்பொருளகம்: அம்பாங் திங்கி என்னும் பழைய மர அரண்மனை இங்கே பெயர்த்துக் கொணர்ந்து நிறுத்தப்பட்டுள்ளது. இரும்பு ஆணியின்றி மரத்தை மரத்தோடு பொருத்திக் கட்டிய தச்சரின் திறன் வியக்கத்தக்கது. எருமைக் கொம்பைப் போல் வளைந்த கூரைகள் மினாங்கபாவ் கலைக்குச் சான்று.

பெங்காலான் கெம்பாஸ்: லிங்கி ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு அருகிலுள்ளது. இங்கே வாள், கரண்டி, சுக்கான் என்று மக்களால் அழைக்கப்படும் நெடிய பழங்கற்கள் நிற்கின்றன. அருகே 1467ஆம் ஆண்டைச் சேர்ந்த சேக் அகமது மஜ்னுனின் கல்லறை இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டுத் தூண் ஒன்றில் துளை உண்டு. பொய் சொன்னவர் அதில் கையை நுழைத்தால் துளை இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பது செவிவழிக் கதை.

ஊரைச் சுற்றிப் பார்த்தபின் வீட்டு முற்றத்தில் ஐந்தாங்கல் ஆடுங்கள். மலாய்ச் சிறுவர்கள் அதே ஆட்டத்தை ‘பத்து செரெம்பான்’ என்று நம் ஊர்ப் பெயரால் அழைக்கின்றனர்.

வேறொரு நாட்டின் பாடம்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கலீனா என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அதன் பெயருக்குக் காரீயத் தாது என்பது பொருள். அங்கும் ஆற்றங்கரையில் சுரங்கம் தோன்றியது, நீராவிப் படகுகள் வந்தன, ஊர் செழித்தது. பின்னர் ஆறு மண்ணால் தூர்ந்தது, இரயில் வந்தது, படகுகள் மறைந்தன. நம் ஊரின் கதையே அங்கும் நிகழ்ந்தது. ஆனால் அவ்வூர் மக்கள் தம் பழைய கட்டடங்களைப் பேணிக் காத்தனர். அமெரிக்க அதிபராக விளங்கிய கிராண்டின் வீடும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. இன்று அவ்வரலாற்றைக் காணவே பயணிகள் அங்குச் செல்கின்றனர். பழமையைக் காப்பவர்க்குப் பழமையே சோறு போடுகிறது.

நம் கடமை

சிரம்பான் 2020ஆம் ஆண்டில் மாநகரத் தகுதி பெற்றது. தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. போர்ட்டிக்சன் இருப்புப்பாதையில் பயணிகள் வண்டி ஓடுவதில்லை. ஆனால் லிங்கி ஆறு இன்றும் நமக்கு உழைக்கிறது. அதன் நீரே சுத்திகரிக்கப்பட்டு, சிரம்பான், போர்ட்டிக்சன் வட்டார வீடுகள் பலவற்றிற்குக் குழாய்நீராக வருகிறது. ஆற்றில் கழிவு கலந்ததால் சுத்திகரிப்பு நிறுத்தப்பட்டு, மக்கள் வாளியும் குடமுமாக நீருக்குக் காத்திருந்த நாள்களும் உண்டு. கால்வாயில் நாம் எறியும் நெகிழிப்பை ஆற்றைச் சேரும். ஆற்றைக் கெடுத்தவன் தன் குடிநீரையே கெடுத்தவன் ஆவான்.

மாணவர்களே! மற்றொன்றும் செய்யுங்கள். உங்கள் தாத்தாவும் பாட்டியும் எத்தோட்டத்தில் வாழ்ந்தனர், எத்தனை மணிக்கு வேலைக்குச் சென்றனர், கோயிலையும் பள்ளியையும் எவ்வாறு எழுப்பினர் என்று கேட்டு எழுதி வையுங்கள். கல்லறைக்குக் கல்வெட்டு உண்டு. அரண்மனைக்கு அரும்பொருளகம் உண்டு. மறைந்துபோன லயங்களுக்கு உங்கள் ஏடே கல்வெட்டு. பெற்றோர்களும் இதற்குத் துணை நிற்பார்களாக.

ஆற்றையும் காப்போம், நம் முன்னோர் நினைவையும் காப்போம்!

பயிற்சி வினாக்கள்

1. சிரம்பான் வட்டாரத்தின் பழைய பெயர் யாது?
2. லிங்கி ஆறு ‘அன்றைய நெடுஞ்சாலை’ எனப்படுவது ஏன்?
3. ஆற்றில் படகுப் போக்குவரத்துத் தளர்ந்ததற்குக் காரணங்கள் யாவை?
4. கலீனாவுக்கும் சிரம்பானுக்கும் உள்ள ஒற்றுமைகள் இரண்டினைக் கூறுக.
5. உன் குடும்பத்தார் வாழ்ந்த தோட்டத்தைப் பற்றிப் பத்து வாக்கியங்கள் எழுதுக.