மிச்சப் பொருளும் தானப் பொருளும்

கடையில் விலைபோகாமல் தேங்கும் ஓடும், கதவும், சிமெண்டும் தானப் பொருளாகுமா என்பதை இன்று ஆராய்வோம்.

கோசம்பி வேந்தன் உதயணனின் அந்தப்புர மகளிர் ஆனந்த தேரருக்கு 500 ஆடைகளை ஈந்தனர். இத்தனை ஆடை எதற்கென ஐயுற்ற அரசன் தேரரையே வினவினான். கந்தலுடுத்த பிக்குகளுக்குப் பகிர்வோம் என்றார் தேரர். பழைய ஆடைகள் என்னாகும் என்று அரசன் தொடர்ந்து கேட்டான். அவை விரிப்பாகி, கால் துடைக்கும் துணியாகி, தூசு தட்டும் துணியாகி, ஈற்றில் மண்ணோடு பிசையப்பட்டுத் தரை மெழுகப் பயன்படும் என விளக்கினார். மகிழ்ந்த அரசன் மேலும் 500 ஆடைகள் ஈந்தான். சுல்லவக்கம் கூறும் இவ்வரலாற்றால், பொருளை வீணாக்காமையும் தம்மமே என்று அறிகிறோம்.

இந்நெறி இன்று உலகில் பெரிய அளவில் நடைபெறுகிறது. 1976இல் அமெரிக்காவில் தோன்றிய ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி என்னும் நிறுவனம் ஏழைகளுக்கு வீடு கட்டவும் பழுது பார்க்கவும் உதவுவது. அதன் முதல் 'ரீஸ்டோர்' கடை 1991இல் கனடாவின் வின்னிபெக் நகரில் திறக்கப்பட்டது. வணிகரும் வீட்டாரும் ஈயும் மிச்சப் பொருள்களைக் குறைந்த விலைக்கு விற்று, வரும் பணத்தை வீட்டுப் பணிக்கு ஆக்குவதே அதன் முறை.

திருப்பதி–புத்தூர்ச் சாலையிலுள்ள வடமாலபேட்டை போன்ற ஊர்களுக்கும் இது பொருந்தும். 2021 நவம்பர் மழையில் திருப்பதி, சித்தூர் வட்டாரங்கள் பட்ட துன்பத்தையும், ராயலசெருவு ஏரிக்கரை கசிந்து மக்கள் ஊர்விட்டு வெளியேறியதையும் நாம் அறிவோம். ஒழுகும் கூரைக்கு ஒரு தகடு எத்துணைப் பெரிது!

எனினும் ஒன்றை மறவாதிருப்போம். பிறர் கழித்ததையே பெறவேண்டும் என்று விதிக்கப்பட்டவர் நம் முன்னோர். அவர் வழிவந்த நாம் கழிவைத் தானமென்று பிறர்முன் வைத்தல் தகுமா? மதிப்புடன், தன் கையால், எறியத்தக்கதல்லாத பொருளை ஈதலே நல்லோர் ஈகை என அங்குத்தர நிகாயம் உரைக்கிறது. சிமெண்டு மூன்று மாதம் கிடந்தாலே வலிமை குன்றத் தொடங்கும். கட்டி தட்டிய மூட்டை சுவருக்கு உதவாது. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் தூசு நுரையீரலைக் கெடுக்கும். இவை தானமல்ல, தலைச்சுமை மாற்றம். விற்கத்தக்க நிலையிலேயே கொடுப்பது தானம்.

இதில் வணிகருக்கு ஓர் இழப்பும் உண்டு. 2017இல் நடைமுறைக்கு வந்த சரக்கு-சேவை வரிச் சட்டப்படி, இலவசமாக ஈந்த சரக்குக்கு முன்பு கழித்துக்கொண்ட கொள்முதல் வரியை அவர் திரும்ப ஒப்படைத்தல் வேண்டும். பணமாக ஈந்தால் கிடைக்கும் வருமான வரிச் சலுகையும் பொருளாக ஈந்தால் இல்லை. ஆதலின் கொடுப்பவரிடம் இதை மறையாது சொல்லியே கேட்டல் நேர்மை.

அன்பர்கள் செய்யத்தக்கது எளிது. ஐப்பசி மழைக்கு முன்னரே, ஒழுகும் வீடுகளையும் அவற்றின் தேவையையும் அளவோடு குறித்துக்கொள்க. பின்னர்க் கடைக்காரரை நாடுக. தேவையறியாது பெற்ற பொருள் நம் திண்ணையிலும் தேங்கும். உரிய காலத்தில், உரியவர்க்கு, உகந்ததை ஈவோமாக. அனைத்துயிரும் இன்புறுக!