ஒரே ஒரு கண்ணி

வசிஷ்ட கோதாவரி கடலை நெருங்கும் இடத்தில், ஆந்திர மாநிலத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில், நரசாபுரம் என்னும் ஊர் இருக்கிறது. அங்கும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வீட்டு வேலை ஓய்ந்த பிற்பகலில், பெண்கள் திண்ணையில் அமர்ந்து மெல்லிய கொக்கி ஊசியால் பருத்தி நூலைப் பின்னிக்கொண்டிருப்பார்கள். 1844-ஆம் ஆண்டளவில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பாதிரிமார் குடும்பத்தினர் இக்கலையை அங்கே அறிமுகப்படுத்தியதாக அவ்வூரார் வழிவழியாகக் கூறி வருகின்றனர். 2024-இல் நரசாபுரம் குரோஷா லேஸ் புவிசார் குறியீட்டைப் பெற்றது.

குரோஷே என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்பதே பொருள். ஒரு கொக்கி, ஒரு நூல், இரண்டு கைகள். வேறு கருவி எதுவும் இல்லை. கடைகளில் கிடைக்கும் இயந்திர லேஸ் இதன் சாயலைக் காட்டுமேயன்றி இதுவாகாது. எனவே இக்கலை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் செல்ல வேண்டுமானால் ஒருவர் மற்றொருவரின் அருகில் அமர்ந்தே தீரவேண்டும். அவ்வாறு அமரும்போது என்ன நிகழ்கிறது என்பது ஆராயத்தக்கது.

ஐந்து அல்லது ஆறு வயதுக் குழந்தையின் கையில் முதலில் ஊசியைத் தருவது தவறு. ஊசி, நூல், கண்ணி ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிக்கும் ஆற்றல் அவ்வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இராது. சற்றுத் தடித்த கம்பளி நூலில் ஒரு சுருக்கு முடிச்சைப் போட்டுக் கொடுத்து, அதன் வளையத்துக்குள் இரண்டு விரல்களை நுழைத்து நூலைப் பிடித்து இழுக்கச் சொல்ல வேண்டும். புதிய வளையம் வெளியே வரும். பழையது அதன் அடியில் ஒடுங்கும். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் சங்கிலி உருவாகிறது. குழந்தைகள் இச்சங்கிலியை வாசலிலிருந்து சமையலறை வரை நீட்டிவிடுவார்கள். எதற்காக இவ்வளவு நீளம் என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. குழந்தைக்கு அக்கேள்வியே விளங்குவதில்லை.

விரல்கள் பழகிய பின்னர் ஊசியைத் தரலாம். நரசாபுரத்துப் பெண்கள் பயன்படுத்தும் நுண்ணிய ஊசி குழந்தைக்கு ஆகாது. ஐந்து அல்லது ஆறு மில்லிமீட்டர் பருமனுள்ளதே ஏற்றது. நூல் வழுவழுப்பாகவும் வெளிர் நிறமாகவும் இருக்கவேண்டும். கறுப்பு நூலிலும் மயிர் நிறைந்த நூலிலும் பெரியவர்களுக்கே கண்ணி புலப்படாது. எழுதுகோலைப் போலவும் ஊசியைப் பிடிக்கலாம், கத்தியைப் போலவும் பிடிக்கலாம்; இரண்டும் சரியே. வலக்கைக் குழந்தையைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ள வேண்டும். இடக்கைக் குழந்தையானால் வலக்கைக்காரர் அதன் எதிரே அமர்ந்தால் போதும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்து அது செய்துகொள்ளும். கையை மாற்றச் சொல்லி வருத்த வேண்டியதில்லை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதுமானது. குழந்தை இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே நூலை எடுத்து வைத்துவிடுவது அனுபவமுள்ளவர்களின் வழக்கம்.

உண்மையான சோதனை இதற்குப் பின்னரே தொடங்குகிறது, அதுவும் பெரும்பாலும் கற்பிப்பவருக்கு. குழந்தை நூலை இறுக்கி இழுக்கும். அடுத்த முறை ஊசி உள்ளே நுழையாது. நுழைந்தாலும் நூலை வெளியே கொண்டு வருவதற்குள் கண்ணி நழுவும். மூன்றாம் முறை நழுவும்போது பெரியவரின் கை தானாகவே நீண்டு ஊசியைப் பற்றிக்கொள்கிறது. "இங்கே கொடு, நான் போட்டுத் தருகிறேன்." அன்பினால் சொல்வதுதான். ஆனால் அந்த நொடியிலேயே குழந்தையின் பார்வை நூலை விட்டு வேறெங்கோ போய்விடுகிறது. வேலை நன்றாக அமைந்தது, பாடம் நின்றுவிட்டது. இறுகிய கண்ணிக்குப் பருமனான ஊசி ஒன்றைத் தந்தால் போதும். நழுவிய கண்ணிக்கு, கற்பிப்பவர் தமக்கென வைத்துள்ள வேறொரு நூலில் அதே அசைவை மெதுவாகச் செய்துகாட்டலாம். பிறர் நூலைத் தொடாமல் கற்பிப்பது கடினமான காரியம்; அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

மற்றொரு பிழையும் ஏறக்குறைய எல்லாருக்கும் நேர்வது. பத்துக் கண்ணிகளுடன் தொடங்கிய துண்டு வரிசைக்கு வரிசை சுருங்கி முக்கோணமாகிவிடும். ஓரத்திலுள்ள கடைசிக் கண்ணி கண்ணுக்குத் தெரியாமல் தப்பிவிடுவதே காரணம். முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் வேறு நிறத்து நூல் துணுக்கைக் கட்டிவைத்து, வரிசை முடியும்தோறும் எண்ணச் சொன்னால் குழந்தை தானே கண்டுபிடிக்கும். "ஒன்பதுதான் இருக்கிறது" என்று அது சொல்லும் கணம் மதிப்புள்ளது. பிறர் சுட்டிக்காட்டிய பிழைக்கும் தானே கண்ட பிழைக்கும் உள்ள வேறுபாடு பெரியவர்களும் அறிந்ததே.

பிழை கண்டால் பிரிக்க வேண்டும். இவ்விடத்தில் குரோஷாவுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. இரண்டு ஊசிகளால் பின்னும் ஸ்வெட்டர் பின்னலில் பல கண்ணிகள் ஒரே சமயத்தில் ஊசிமேல் காத்திருக்கின்றன. ஒன்று நழுவினால் வரிசை வரிசையாக ஓடிவிடும். குரோஷாவில் எவ்வளவு பெரிய விரிப்பானாலும் பொதுவாக ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கிறது; மற்றவை எல்லாம் முடிந்து அடங்கியவை. ஆகவே ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுத்தால், பிழை நேர்ந்த இடம் வரை பிரித்து அங்கேயே நின்றுகொள்ளலாம். நூலில் துணி முன்னரே உள்ளதா, புதிதாய்த் தோன்றுகிறதா என்று சாங்கியரும் நியாய நூலாரும் நெடுங்காலம் வாதிட்டனர். அரைமணி வேலையை ஒரு நொடியில் பிரித்து, நூல் குறைவின்றி மடியில் குவிவதைப் பார்க்கும் குழந்தை அந்த வாதத்தில் எப்பக்கம் சேரும் என்று சொல்வது எளிதன்று. சில குழந்தைகள் அழும். சில குழந்தைகள் பின்னுவதைவிடப் பிரிப்பதையே விரும்பி, வேண்டுமென்றே பிழை செய்வதும் உண்டு. இரண்டையும் சற்றுப் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி நரசாபுரத்துக்கே திரும்ப வேண்டியுள்ளது. மரியா மீஸ் என்னும் ஜெர்மானியச் சமூகவியலாளர் அப்பெண்களைப் பற்றி எழுதிய நூல் 1982-இல் வெளியாயிற்று. நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய அவர்கள் தொழிலாளர்களாகவே எண்ணப்படவில்லை. வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்று கருதப்பட்டதால் கூலி மிகச் சொற்பமாயிற்று, ஆதாயம் வணிகர்களிடம் சென்றது என்று அந்நூல் காட்டியது. அத்தகைய வீட்டில் சிறுமி ஊசியைப் பிடிக்கக் கற்பது கல்வியா, கூலிக்கான ஆயத்தமா? திண்ணையைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. பாட்டியும் அதே பாட்டி, நூலும் அதே நூல்.

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டிலும் இதையொத்த ஐயம் எழுந்தது. கைத்தொழிலை நடுவாகக் கொண்டு கல்வி அமையவேண்டும் என்றார் காந்தியடிகள். ஆனால் தொழிலை இயந்திரம்போல் பழக்காமல், ஒவ்வொரு செயலின் காரணத்தையும் குழந்தைக்கு விளக்க வேண்டும் என்பதும் அவர் கருத்து. குழந்தைகள் செய்த பொருளை விற்றுப் பள்ளியை நடத்தலாம் என்ற பகுதியே அன்று பெரிதும் விவாதிக்கப்பட்டது. அந்தத் தயக்கம் நியாயமானது. 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தக்கூடாது என்கிறது; பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு அளிக்கிறது. விலக்கின் எல்லையை வீட்டுக்குள் அளப்பவர் யார்? அங்குள்ள பெரியவர்களே அளந்தாக வேண்டும். எத்தனை துண்டு முடிந்தது என்று குழந்தையிடம் கேட்கத் தொடங்கும் நாளில் பாடம் வேலையாகிவிடுகிறது. நகரத்து வசதியான வீடுகளிலும் இது நடக்கிறது. அங்கே கூலிக்குப் பதில் போட்டியும் பரிசும் விருந்தினர்முன் காட்சியும்.

குழந்தையின் முதல் துண்டு பெரும்பாலும் கோணலாகவே இருக்கும். அதைத் திருத்தி அழகாக்காமல் அப்படியே முடிக்க விடலாம். ஒரு சாண் நீளம் விட்டு நூலை வெட்டி, நுனியைக் கடைசிக் கண்ணிக்குள் நுழைத்து இழுத்தால் திறந்திருந்த அந்த ஒன்றும் மூடிக்கொள்ளும். மிஞ்சிய நுனியைப் பின்புறக் கண்ணிகளுக்குள் ஒளிக்க வேண்டும். இதைக் குழந்தைகள் மிகவும் விரும்பிச் செய்வார்கள். அதைத் தம்ளருக்கு அடியில் வைப்பதா, பொம்மைக்குப் போர்வையாக்குவதா என்பதைக் குழந்தையே சொல்லட்டும். மறுநாள் அதையும் பிரிக்கவேண்டும் என்று கேட்டால் கத்தரிக்கோலைக் கொடுத்து, முடிச்சு இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும்.