பித்தப்பை எடுத்தபின் வயிற்றில் டியூபா? எந்த டியூப் என்று கேளுங்கள்

"பக்கத்துக் கட்டில்காரருக்கு டியூப் வைத்தார்களே, எனக்கு ஏன் வைக்கவில்லை?" பெங்களூரில் பித்தப்பையை எடுத்துவிட்டு அத்திப்பள்ளி வழியாக ஓசூர் திரும்புகிறவருக்கு இந்தச் சந்தேகம் வரலாம். வைக்காவிட்டால் நல்லது. சிக்கலில்லாத லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனில் எல்லோருக்கும் டியூப் வைப்பதற்கு ஆதாரமில்லை என்று 12 ஆய்வுகளை அலசிய 2013 காக்ரேன் தொகுப்பு சொல்லிவிட்டது. சீழ், ரத்தக் கசிவு, பித்தக் கசிவு பற்றிய சந்தேகம் இருந்தால் சர்ஜன் வைப்பார்.

வைத்திருந்தால், டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே அதன் வகையை எழுதி வாங்குங்கள். எடுக்க மறுபடி பெங்களூர் போக வேண்டுமா, ஓசூரிலோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியிலோ எடுக்கலாமா என்றும் கேளுங்கள்.

பழைய ரப்பர் பட்டை வகை கட்டுத்துணியிலேயே வடியும். கிருமி நுழைய வழி திறந்தே இருக்கும். பையில் வடிகிற டியூபில் நீர் தாழ்வை நோக்கித்தான் ஓடும். பஸ்ஸில் பையை மடியில் வைக்காதீர்கள், காயத்துக்குக் கீழே தொங்கட்டும்.

உறிஞ்சும் குமிழ் வகைக்குக் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். சோப்பால் கை கழுவுங்கள். மூடியைத் திறந்து அளவுக் குவளையில் ஊற்றுங்கள். குமிழைத் தட்டையாக நசுக்கி, நசுக்கியபடியே மூடியைப் போடுங்கள். கையை எடுத்ததும் குமிழ் உடனே உப்பினால் எங்கோ காற்று புகுகிறது. நேரம், எத்தனை மில்லி, என்ன நிறம், மூன்றையும் ஒரு நோட்டில் குறியுங்கள். சிவப்பு நாளுக்கு நாள் வெளுத்து வர வேண்டும். பச்சையாகவோ அடர் மஞ்சளாகவோ வந்தால் பித்தம் கசியலாம். அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஆனால் டி-டியூப் என்றால் கணக்கு வேறு. பித்தநாளத்தைத் திறந்து கல் எடுத்தவர்களுக்கு வைப்பது அது. அதில் பித்தம் வருவதுதான் இயல்பு. அதில் உறிஞ்சும் குமிழைப் பொருத்தக் கூடாது. வாரக்கணக்கில் இருக்கும்; பெரும்பாலும் சாயம் செலுத்தி எக்ஸ்ரே பார்த்த பிறகே எடுப்பார்கள். வகையைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

எந்த டியூப் நழுவி வந்தாலும் உள்ளே தள்ளாதீர்கள். அந்த இடத்தைச் சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். குளிர்காய்ச்சல், கண் மஞ்சள், வயிறு உப்புதல், திடீரென்று நிறைய ரத்தம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.