முதல் பாட்டு வீடியோ: எதைத் தேர்ந்தெடுப்பது?

பாட்டு தயார். மெட்டமைத்து, பாடி, மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்தது வீடியோ என்றதும் சுயாதீன இசைக்கலைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்தக் கேமராவில் எடுக்கலாம்?" என்றுதான். எடிட்டிங் மேசையில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் அந்தக் கேள்வியை நான் நான்காவதாக வைப்பேன். வீடியோவின் வடிவம் என்ன, எப்படித் திட்டமிடப் போகிறோம், படப்பிடிப்பில் பாட்டை எப்படி ஒலிக்கவிடப் போகிறோம் என்ற மூன்றும் அதற்கு முந்தியவை.

எந்த முடிவானாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இதில் பிசகினால் பிறகு சரிசெய்ய முடியுமா? நிறத்தை மாற்றலாம், வெட்டை மாற்றலாம், எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். வெளுத்துப்போன வானத்தையும் ஃபோகஸ் தப்பிய முகத்தையும் பாட்டோடு ஒட்டாத உதட்டையும் எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. கையில் இருக்கும் கொஞ்சப் பணமும் நேரமும் முதலில் இவற்றுக்குப் போக வேண்டும்.

என்ன வடிவம்?

மிக எளிதானது, பாடுவதையும் வாசிப்பதையும் அப்படியே காட்டுவது. 2011 நவம்பரில் வெளியான ‘வொய் திஸ் கொலவெறி டி’ வீடியோவில் செட்டும் இல்லை, கதையும் இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் தனுஷ் பாடுகிறார், அனிருத்தும் மற்றவர்களும் கூடவே இருக்கிறார்கள். உலகம் முழுக்க அதைப் பார்த்தது. குரலிலும் வரியிலும் ஈர்ப்பு உள்ள பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்பேன். வாத்தியக்காரர்கள் நிஜமாகவே வாசிப்பவர்களாக இருந்தால் இன்னும் நல்லது, விரல்கள் பொய் சொல்லாது.

இரண்டாவது, வெட்டே இல்லாத ஒரே ஷாட். அமெரிக்க இசைக்குழுவான ‘ஓகே கோ’ 2006இல் ‘ஹியர் இட் கோஸ் அகெய்ன்’ பாட்டுக்கு ட்ரெட்மில்களை அடுக்கி, அவற்றின் மேல் நால்வரும் ஆடுவதை அசையாத ஒரே கேமராவில் எடுத்தது. அடுத்த ஆண்டு அதற்கு கிராமி விருது கிடைத்தது. இதில் எடிட்டிங் செலவு அநேகமாக இல்லை. முழு உழைப்பும் ஒத்திகையில். நேரம் நிறைய இருக்கிறது, பணம் இல்லை என்கிற நண்பர் குழுவுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

மூன்றாவது, இடம், உடை, நடனம், கதை எல்லாம் கலந்தது. 2021இல் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யைப் பார்த்துவிட்டு அதேபோல வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம். அமித் கிருஷ்ணன் இயக்கிய அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் கண்ணை இழுப்பது கலை இயக்கமும் உடையும் கூட்டமாக ஆடும் உடல்களும்தான். விலை உயர்ந்த கேமராவை வாடகைக்கு எடுத்தால் இவை சேர்ந்து வருவதில்லை. சிறிய குழு இவற்றில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்வது நல்லது: ஒரே இடம், அல்லது ஒரே நிற உடை, அல்லது நன்றாக ஆடத் தெரிந்த இருவர். மூன்றையும் கால்வாசி செய்தால் மூன்றும் தெரியாது.

நான்காவது, பாடல்வரி வீடியோ. யாரையும் படம் பிடிக்க வேண்டாம், ஒரு கணினி போதும் என்று இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். தமிழில் அப்படி இல்லை. யுனிகோடு தமிழைச் சில எடிட்டிங் மென்பொருள்கள் இயல்புநிலையில் கலைத்துவிடும். ‘கொ’ என்று அடித்தால் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். அடோபியின் ப்ரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பதிப்புகள் பலவற்றில் அமைப்புகளுக்குள் போய் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றினால்தான் எழுத்து ஒழுங்காகும். அடுத்தது, ஓரெழுத்து ஓரெழுத்தாகப் பறந்து வரும் ஆயத்த டெம்ப்ளேட்டுகள். ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டவை அவை. தமிழில் போட்டால் மெய்யெழுத்தின் புள்ளி ஒரு பக்கமும் கால் இன்னொரு பக்கமும் பறக்கும். சொல் சொல்லாக அசையும்படி மாற்றுங்கள், அல்லது எழுத்தை வடிவமாக மாற்றிவிட்டுப் பிறகு அசையுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இந்தச் சிக்கல் இல்லை என்பதால் பலர் இன்னும் அவற்றிலேயே வேலை செய்கிறார்கள். ஆனால் அந்த வரிகளைப் பிறகு யூடியூப் வசன வரிக்கோ விவரக் குறிப்புக்கோ நகலெடுத்தால் ஆங்கில எழுத்துகள்தான் குழம்பி வரும். ஒரு மென்பொருளையோ எழுத்துருவையோ தேர்ந்தெடுக்கும் முன் ‘கொண்டாட்டம்’, ‘கௌரி’, ‘ஸ்ரீ’ மூன்றையும் அடித்துப் பாருங்கள். மூன்றும் சரியாக வந்தால் நம்பி இறங்கலாம்.

செயற்கை நுண்ணறிவில் முழு வீடியோவையும் உருவாக்கிவிடலாமே என்பது இப்போதைய கேள்வி. உருவாக்கியிருக்கிறார்கள். 2024 மே மாதம் வாஷ்ட் அவுட்டின் ‘தி ஹார்டஸ்ட் பார்ட்’ பாட்டுக்கு இயக்குநர் பால் ட்ரில்லோ, ஓபன்ஏஐயின் சோராவைக் கொண்டு செய்த வீடியோ வெளியானது. கனவில் நழுவிப் போவதுபோன்ற ஓட்டம் அந்தப் பாட்டுக்கு ஒத்துப்போகிறது. நம் பாட்டுக்கு இதை எடுக்கும்போது சிரமம் வேறு இடத்தில் வரும். மிருதங்கத்தின் மேல் கை விழும் விதம், வேட்டி கட்டின மடிப்பு, கடைப் பலகையில் இருக்கும் தமிழ் எழுத்து ஆகியவற்றில் இந்தக் கருவிகள் எளிதில் தடுமாறும், நம் ஆட்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். திட்டமிடும் கட்டத்தில் ஒரு காட்சி எந்த ஒளியில், எந்த நிறத்தில் இருக்கும் என்று குழுவுக்குக் காட்டுவதற்கு இதைப் பயன்படுத்துங்கள், அங்கே இது அருமையான உதவி. திரையில் வருவது மனிதர்களாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி. அப்படியும் செயற்கைக் காட்சியை நிஜம்போல வைத்தால் யூடியூபில் பதிவேற்றும்போது அதைத் தெரிவித்தாக வேண்டும். இன்னொருவரின் முகமோ குரலோ வேண்டுமென்றால் சம்மதமும் ஊதியமும் முதலில். ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் இப்படி மீட்டபோது ஏ.ஆர்.ரஹ்மான் அவர்களுடைய குடும்பங்களின் அனுமதியைப் பெற்று, உரிய தொகையும் கொடுத்தார்.

தாளில் ஒரு நாள்

ஸ்டோரிபோர்டு வரைய ஆள் தேட வேண்டியதில்லை. கூகுள் ஷீட்டில் ஐந்து பத்திகள் போதும்: நேரம், பாட்டு வரி, இடம், ஷாட், உடை. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் ஒரு தட்டு 0.6 விநாடி. விநாடிக்கு 25 ஃபிரேம் வீதம் எடுக்கையில் அது சரியாக 15 ஃபிரேம். நான்கு தட்டு ஒரு பார் என்று வைத்தால் நான்கு நிமிடப் பாட்டில் 100 பார். சராசரியாக இரண்டு பாருக்கு ஒரு வெட்டு என்றால் 50 ஷாட் வேண்டும். ஒரே நாளில் 50 ஷாட் எடுக்க முடியுமா என்பது இங்கேயே தெரிந்துவிடும், லொகேஷனில் வெயில் இறங்கும்போது தெரிய வேண்டாம்.

அதோடு நிற்காமல், நண்பர்களை நிற்கவைத்துப் போனில் படங்கள் எடுத்து, பாட்டின் மேல் வரிசையாக அடுக்கிப் பாருங்கள். இடையிசையில் காட்ட ஒன்றுமே யோசிக்கவில்லை என்பது அப்போதுதான் புலப்படும். பல்லவிக்கும் சரணத்துக்கும் எல்லோரும் யோசிப்பார்கள், இடையிசையை எவரும் யோசிப்பதில்லை.

நாகரா

சினிமாவில் நாகரா என்று சொல்லப்படும் ப்ளேபேக்தான் பாட்டு வீடியோவின் உயிர். இதற்காகச் செலவழிக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் எடிட்டிங்கில் நாள்கணக்கில் நேரத்தைத் தின்பது இதுதான்.

முதலில், மிக்ஸ் முடிவான பிறகே படப்பிடிப்பு. பாட்டின் தொடக்கத்தில் மூன்று பீப் ஒலி சேர்த்த தனிக் கோப்பு ஒன்று செய்துகொள்ளுங்கள். போனின் சின்ன ஸ்பீக்கரா, பெரிய ஸ்பீக்கரா என்றால் பெரியதே. சத்தமாகக் கேட்டால்தான் பாடகர் சத்தமாகப் பாடுவார். வாயை மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பு அசையாது, பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியும். கேமராவின் மைக்கை ஒருபோதும் அணைக்காதீர்கள். அதில் பதியும் கரகரப்பான பாட்டை வைத்துத்தான் ரிசால்வ், ப்ரீமியர், ஃபைனல் கட் எல்லாமே அலைவடிவத்தை ஒப்பிட்டுத் தானாக ஒத்திசைக்கின்றன.

இங்கே ஒரு நுட்பம். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். ஸ்பீக்கர் பாடகரின் அருகில், கேமரா 34 மீட்டர் தள்ளி டெலி லென்ஸில் என்றால், கேமராவுக்குப் பாட்டு 0.1 விநாடி தாமதமாக வந்து சேரும். அதாவது இரண்டரை ஃபிரேம். மென்பொருள் ஒலியை நம்பி ஒத்திசைத்ததும் உதடு பாட்டுக்கு முந்தி அசையும். அந்த ஷாட்டை மட்டும் இரண்டு மூன்று ஃபிரேம் பின்னுக்குத் தள்ளினால் சரியாகிவிடும். லாங் ஷாட்டில் மட்டும் ஏன் ஒட்டவில்லை என்று பாடகரைத் திரும்பத் திரும்பப் பாடவைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஸ்லோ மோஷனில் உதடு ஒட்ட வேண்டுமென்றால், 50 ஃபிரேமில் எடுத்துக்கொண்டு பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும். 25 ஃபிரேமில் ஓட்டினால் உதடு பாட்டோடு போகும், கூந்தலும் புடவையும் மழையும் மெதுவாக அசையும். வேகமான வரிகளை இரு மடங்கில் பாட நாக்கு ஒத்துழைக்காது. அந்த இடத்தில் 30 ஃபிரேமில் எடுத்து, பாட்டை 1.2 மடங்கில் விடுங்கள். மெல்லிய மிதப்பு கிடைக்கும், பாடுபவருக்கும் சிரமமில்லை. இந்த வேகக் கோப்புகளை முதல் நாளே செய்து, நாகரா போடுபவரின் போனில் பெயர் எழுதி வைத்துவிடுங்கள்.

போனா, கேமராவா?

2015இல் ஷான் பேக்கர் ‘டேஞ்சரின்’ முழுநீளப் படத்தையே ஐபோன் 5எஸ்ஸில் எடுத்தார். 2020இல் லேடி காகாவின் ‘ஸ்டுப்பிட் லவ்’ ஐபோன் 11 ப்ரோவில் எடுக்கப்பட்டது. இரண்டாவதில் போன் என்பது கேமரா மட்டும்தான். நடனம், உடை, ஒளி எல்லாம் பெரிய தயாரிப்புக்கு உரியவை.

பகலில், திறந்தவெளியில், நிழலில் எடுப்பதென்றால் போன் போதும். போனின் ஆபத்து அது தானாக எடுக்கும் முடிவுகளில் இருக்கிறது. ஷாட்டின் நடுவே வெளிச்சத்தை மாற்றும், நிறத்தை மாற்றும். ஃபிரேம் வேகத்தைக்கூட மாற்றும், அதனால் ஒரு நீண்ட டேக்கின் தொடக்கத்தில் ஒட்டிய உதடு முடிவில் ஒட்டாமல் போகும். இலவசமாகக் கிடைக்கும் பிளாக்மேஜிக் கேமரா செயலி போன்ற ஒன்றை நிறுவி 25 ஃபிரேம், 1/50 ஷட்டர், ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ் நான்கையும் பூட்டுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த ஷட்டரில் டியூப்லைட் துடிப்பது பெரும்பாலும் தெரியாது. வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுக்கும், அதற்குப் போனில் மாட்டும் என்டி ஃபில்டர் வேண்டும். கருத்த முகத்தை ‘நன்றாக’க் காட்டுவதாக நினைத்துத் தானியங்கி வெளிச்சத்தை ஏற்றிவிடும். முகத்தின் மேல் அளவு வைத்துப் பூட்டுங்கள், அந்த நிறம் அப்படியே அழகு.

இரவுக் காட்சி, மங்கல் வெளிச்சம், பின்னணி மங்கலாகத் தெரிய வேண்டும் என்பவை இருந்தால் கேமராவே எடுங்கள். வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக்கு எல்லாமே கிடைக்கும். அப்போதும் நடுத்தரக் கேமராவும் இரண்டு நல்ல லைட்டும், பெரிய கேமராவும் லைட்டே இல்லாமலும் என்றால் முதலாவதுதான் என் தேர்வு. கேமரா தெரிந்த ஆளுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ட்ரோன் ஒரு ஷாட்டுக்கு அழகு. 2021 ட்ரோன் விதிகளின்படி டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்துக்கொண்டே பறக்கவிட வேண்டும். மாமல்லபுரம் மாதிரித் தொல்லியல் துறைக்கு உட்பட்ட இடங்களில் தரையிலிருந்து படப்பிடிப்பு நடத்தவும் முன் அனுமதி வேண்டும்.

சேமிப்பையும் இதோடு கணக்கிடுங்கள். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரம் 45 ஜிபி. மெமரி கார்டை அழிக்கும் முன் இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்கில் நகல் இருக்க வேண்டும்.

எடிட்டிங்

எடிட்டர் ஒருவர் செய்யப்போகிறார் என்றால் அவருக்குப் பழகியதே சிறந்தது, இதில் வாதம் வேண்டாம். நீங்களே செய்வதானால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பைச் சொல்வேன். 4கே யுஎச்டி வரை ஏற்றுமதி செய்யலாம், நிறத் திருத்தத்தில் சினிமாக்காரர்கள் பயன்படுத்தும் அதே கருவிகள், நீர்க்குறி விழாது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் திணறும், ப்ராக்ஸி கோப்புகள் செய்துகொண்டால் சமாளிக்கலாம். ப்ரீமியர் சந்தாவில் ஓடுவது. ஒரே ஒரு பாட்டுக்காக எடுத்தால், பிறகு பழைய வேலையைத் திறக்க வேண்டும் என்றாலும் பணம் கட்ட வேண்டும். ஃபைனல் கட் ஆப்பிள் சாதனம் உள்ளவர்களுக்கு மட்டும். கைன்மாஸ்டர் போன்ற போன் செயலிகள் ஒரே ஷாட் வீடியோவுக்கும் ரீல்ஸுக்கும் போதும். 50 ஷாட்டை அதில் அடுக்காதீர்கள்.

அகலமா, நெடுக்கா என்ற முடிவை மட்டும் எடிட்டிங் வரை தள்ளிப்போட வேண்டாம். 2024 அக்டோபரிலிருந்து யூடியூப் ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை போகலாம் என்றாகிவிட்டது, பாட்டின் பெரும்பகுதி அதற்குள் அடங்கும். 4கேயில் எடுத்த அகலப் படத்தின் நடுவிலிருந்து 1215க்கு 2160 பிக்சல் நெடுக்காக வெட்டலாம், போன் திரைக்கு அது தாராளம். ஆனால் இருவரை இரு ஓரங்களில் நிறுத்தி எடுத்த ஷாட்டை எப்படி வெட்டினாலும் ஒருவர் போய்விடுவார். அப்படிப்பட்ட ஷாட்டுகளை மட்டும் கேமராவைத் திருப்பி இன்னொரு முறை எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் இரண்டு முறை எடுக்கத் தேவையில்லை.

வெளியிடும் நாளில் மூன்று பிரதிகள் எடுத்து வைக்க வேண்டும்: அகலம், நெடுக்கு, எழுத்தே இல்லாத அகலம். மூன்றாவதைத் தொலைக்காட்சியோ திரைப்பட விழாவோ வேறு மொழிப் பதிப்போ கேட்கும்போது தேடுவார்கள். அதற்குள் ப்ராஜெக்ட் கோப்பு எந்த ஹார்ட் டிஸ்கில் என்று எடிட்டருக்கே மறந்திருக்கும்.