முதலில் அதன் பேரைக் கேள்

பெருந்துறை,
தை மாதக் கடைசி வெள்ளி.

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பிச்சி எழுதுகிறேன். நீ போனில் அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டாலியைக் கூட்டிப் பெருக்கும்போது ஆத்தாவின் தகரப்பெட்டிக்குப் பின்னால் கிடந்தது என்றாய். பிடியைச் செல் அரித்திருக்கிறது, இரும்பு கறுத்துப்போயிருக்கிறது, முனை முன்பக்கமாக வளைந்திருக்கிறது. "இது வாளுங்களா அப்பிச்சி? தீரன் சின்னமலை காலத்ததா இருக்குமா?" என்று கேட்டிருந்தாய்.

வாள் இல்லை கண்ணு. கொடுவாள். எதை வைத்துச் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டால், அடுத்த தடவை நீயே சொல்லிவிடுவாய். கூர் எந்தப் பக்கம் என்று பார். சண்டைக்கென்று அடித்த வளைந்த வாளுக்குப் பெரும்பாலும் வளைவின் வெளிப்பக்கத்தில் கூர் இருக்கும். வீசி இழுத்து அறுப்பதற்காக. கொடுவாளுக்கும் அரிவாளுக்கும் கூர் உள்பக்கம். கொப்பு அந்த வளைவுக்குள் சிக்கி, நழுவாமல் வெட்டுப்படும். இதற்கு விலக்கும் உண்டு. குடகு மக்கள் இடுப்புக்குப் பின்னால் பித்தளைக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும் ஆயுதக்கத்திக்குக் கூர் உள்பக்கம்தான், ஆனால் அது போருக்கும் போனது. அதனால் வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதே. தேய்மானத்தையும் பார்.

உன் படத்தில் கூரின் நடுப்பகுதி மட்டும் குழிவாகத் தேய்ந்திருக்கிறது. வருஷக்கணக்கில் ஒரே இடம் வேலை செய்து, ஒரே இடம் சாணை பிடிக்கப்பட்டிருக்கிறது. நம் கொறங்காட்டுக் கிளுவை வேலியைக் கழிக்கும் கொடுவாள் இப்படித்தான் தேயும். முன்பக்கம் கனமாக இருக்கிறதா என்று கையில் தூக்கிப் பார்த்து எனக்கு எழுது. கனமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். வெட்டுகிறவரின் கைக்குப் பாதி வேலையை அந்தக் கனமே செய்து கொடுத்துவிடும்.

சின்னமலையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் 1756இல் மேலப்பாளையத்தில் பிறந்தவர், ஓடாநிலையில் கோட்டை கட்டியவர், 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டவர். நம் பக்கம் எந்த வீட்டில் பழைய இரும்பு கிடைத்தாலும் அவர் பேரை அதற்குச் சூட்டிவிடுகிறார்கள். அவர்மேல் வைத்த அன்பில்தான் சூட்டுகிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேர் ஏறியதும், உண்மையில் அந்தக் கொடுவாளைப் பிடித்தவரின் பேர் அழிந்துபோகிறது. வெயிலில் நின்று நாற்பது வருஷம் வேலி கழித்த ஒரு மனிதரின் கை அதில் இருக்கிறது. அதை யார் எழுதுவது?

நான் சேகரிக்க ஆரம்பித்தபோது எனக்கும் இது தெரியாது. இருபத்தாறு வயசில் ஈரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில், சாக்கோடு எடை போட்டு, முப்பத்தெட்டு கத்தி அரிவாள்களை வாங்கி வந்தேன். பெரிய புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து திண்ணையில் பரப்பிவைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, ஒன்றுக்கும் ஊர் தெரியாது, அடித்த கொல்லர் தெரியாது, என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று தெரியாது. பிறகு வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு இருபத்தேழுக்குப் பேர் கண்டுபிடித்தேன். பதினொன்று இன்றைக்கும் என் அலமாரியில் பேரில்லாமல் கிடக்கின்றன. பொருளை வாங்குவதற்கு முன்னால் பேரை வாங்கவேண்டும் என்பது எனக்கு அப்படித்தான் உறைத்தது.

பேர் என்றால் வெறும் சொல் இல்லை. மரமேறுகிறவர் பாளை அரிவாள் என்று சொன்னால், தென்னம்பாளையின் நுனியை இழை இழையாகச் சீவ மெல்லிசான, அகலமான, சவரக்கத்தி போன்ற கூர் வேண்டும் என்பது அந்தப் பேருக்குள்ளேயே இருக்கிறது. ஆடு மேய்க்கிறவர் தொறட்டி என்றால், நீளக் கழியின் நுனியில் கட்டிய சின்னக் கொக்கிக் கத்தி, வெள்வேலங்காயையும் தழையையும் இழுத்துப் போட. கதிர் அறுக்கிற பன்னரிவாளுக்குப் பல் உண்டு. இதையெல்லாம் தெரியாதவர் மேசையில் வைத்துப் பார்த்தால் மூன்றும் 'பழங்காலக் கத்தி'தான்.

பேர் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தஞ்சாவூரைச் சொல்லவேண்டும். கடைசி மராத்திய அரசர் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்ததும் கும்பினி அரசு அந்த ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. அரண்மனை ஆயுதச்சாலையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த வாள், ஈட்டி, கட்டாரிகளில் நல்லவை என்று பட்ட சிலவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை 1860களில் உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். இதை எழுதிவைத்தவர்களில் வால்ஹவுஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் ஒருவர். நம் கோயமுத்தூர் மாவட்டத்துப் பெருங்கற்காலச் சின்னங்களைப் பற்றி 1875இல் கட்டுரை எழுதியவரும் அவரேதான். தப்பிய ஆயுதங்களில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கையை மூடும் கவசம் வைத்த தஞ்சாவூர்க் கட்டாரிகளை அங்கே அவசியம் பார். யாளி முகங்களை அவ்வளவு நுணுக்கமாகச் செய்திருப்பார்கள். உடைத்தவற்றில் என்னென்ன இருந்தன என்று சொல்ல இன்றைக்கு ஒருவரும் இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

வளரியின் கதை இன்னொரு மாதிரி. பொருள் பிழைத்தது, பேர்தான் திரிந்தது. சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளில் எறிந்த வளைதடி அது. பிறை மாதிரி இருக்கும். ஒரு முனை அகன்று கனமாக, மறு முனை கைப்பிடிக்கு ஒடுங்கி, பெரும்பாலும் ஒரு குமிழோடு முடியும். மரத்தில் உண்டு, இரும்பில் உண்டு, தந்தத்தில்கூட உண்டு. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினிப் படை அதிகாரி, சின்ன மருதுதான் தனக்கு அதை எறியக் கற்றுக்கொடுத்தார் என்று 1830இல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கற்றுக்கொடுத்தவரையே பின்னால் எதிர்த்துப் போரிட்டவர் அவர். அந்தப் புத்தகத்தில் அதன் பேர் 'கள்ளர் தடி'. பிறகு வந்த அருங்காட்சியகச் சீட்டுகளில் 'பூமராங்' ஆகிவிட்டது. பூமராங் என்றதும் எறிந்தவர் கைக்கே திரும்பி வரும் என்று நினைத்துக்கொள்கிறோம். வளரி அப்படித் திரும்புவதற்காகச் செய்ததில்லை. மானின் காலையோ குதிரையின் காலையோ அடித்து விழவைப்பதற்காகச் செய்தது. ஒரு தப்பான பேர் ஒரு ஆயுதத்தின் வேலையையே மாற்றிவிட்டது பார்.

மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட அதே 1801இல், டிசம்பர் மாதம், சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் தென்பாளையங்களில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வெளியிட்டார். தென்னாட்டு வீடுகளில் அரிவாள் தங்கியதற்கும் வாள் அருகிப்போனதற்கும் அது ஒரு முக்கியக் காரணம்.

சரி, என்றைக்காவது நிஜமாகவே ஒரு வாள் உன் கையில் வந்தால்? முதலில் தடிமனைப் பார். பழைய கொல்லர் அடித்த வாள் பிடிக்குப் பக்கத்தில் தடித்து, நுனியை நோக்கிப் போகப் போக மெலியும். தகட்டிலிருந்து வெட்டி எடுத்த புது அலங்கார வாள் முழுக்க ஒரே கனமாக இருக்கும். ஒரு அளவுகோலும் மூன்று இடத்துத் தடிமனும் போதும், பாதிப் பொய் வெளியே வந்துவிடும். அடுத்தது பிடி. நம் நாட்டுத் தல்வார் வாளுக்குப் பிடிக்குள் போகும் இரும்பு வால் குட்டையாக இருக்கும். அரக்கைச் சூடாக்கி ஊற்றி இறுக்கியிருப்பார்கள். அங்கே வெல்டிங் தெரிந்தாலோ, குமிழைத் திருகினால் நட்டு கழன்று வந்தாலோ வாங்காதே. பிடி உன் கைக்கே சின்னதாகத் தோன்றினால் ஏமாற்று என்று நினைத்துவிடாதே. ஆள்காட்டி விரலைக் குறுக்குக் கம்பிக்கு முன்னால் விட்டுப் பிடிக்கும் வழக்கத்துக்காகச் செய்தது அது.

தென்னிந்திய வாள், கட்டாரிகளில் அலகு மட்டும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்ததாக இருப்பதும் சகஜம். நீளவாட்டில் ஓடும் பள்ளக்கோடுகள், அலகில் குத்திய அந்நிய எழுத்து, பிடிக்கருகில் வைத்து அடித்த ரிவெட்டுகள் இவை அதற்கு அடையாளம். அப்படி இருந்தால் போலி என்று ஒதுக்காதே. பிரங்கி என்றே அந்த வகைக்குப் பேர்.

மெருகேற்றுவதற்கு மட்டும் கை நீட்டாதே. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒரு நல்ல கட்டாரியை நானே கெடுத்திருக்கிறேன். நம் மண்ணில் மூசையில் இரும்பை உருக்கிச் செய்த எஃகில் தண்ணீர் அலை மாதிரி ஒரு வரி ஓடும். உலகமே அந்த எஃகைத் தேடி வந்தது. உருக்கு என்ற சொல்லின் உறவுதான் மேலைநாட்டில் 'வூட்ஸ்' ஆனது என்பார்கள். மைக்கேல் பாரடே அதை வைத்து ஆராய்ச்சி பண்ணினார். அந்த வரி மேல்தோலில் தெரிவது, தேய்த்தால் மங்கிவிடும். மெல்லிய துணியால் துடை. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். வெறும் விரலால் அலகைத் தொடாதே, வியர்வை உப்பு துருவைக் கூப்பிடும். தோலுறைக்குள் அலகைப் போட்டு வைக்காதே, ஈரத்தை இழுத்து உள்ளேயே துருப்பிடிக்கும்.

அந்த எஃகின் தாய்வீடு நமக்கு எவ்வளவு பக்கம் தெரியுமா? சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது அந்த ஊரே. 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், ஈமக்குழிகளில் இரும்பு ஆயுதங்களும் கிடைத்திருக்கின்றன. அந்தப் பக்கம் உழும்போது நாளைக்கு யாருக்காவது ஒரு துருப்பிடித்த வாள் தட்டுப்படலாம். அதை நீ வாங்கக்கூடாது. மண்ணுக்குள் புதைந்து கிடந்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டமே சொல்கிறது. சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. குழிக்குள் அது எந்தத் திசையில், எந்தப் பானைக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் பேர். பிடுங்கி எடுத்த நிமிஷம் அந்தப் பேர் போய்விடும்.

மற்றச் சட்டங்களையும் அறிந்துகொள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப 1972ஆம் வருஷச் சட்டம் விடாது. வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ செய்யாத அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால், 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தின் விதிகள் அதை ஆயுதமாகவே எண்ணும். கொடுவாளை வைத்துக்கொள், ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கல்லூரிக்குப் போகாதே. அண்ணமார் கோயிலிலும் கருப்பண்ணசாமி கோயிலிலும் நட்டிருக்கும் வேலும் அரிவாளும் யாரோ அழுது வேண்டிக்கொண்டு கொடுத்தவை. படம் எடுப்பதற்குக்கூடப் பூசாரியிடம் கேட்டுவிட்டு எடு.

சேகரிப்பதற்குக் காசும் அலமாரியும் வேண்டியதில்லை. நம் பக்கத்து ஊர்களில், புலியைக் குத்திய வீரனுக்கு நட்ட புலிகுத்திக்கல் எத்தனை நிற்கின்றன! வாளின் நீளம், பிடியின் வளைவு, வீரனின் இடுப்புக்கச்சையில் செருகிய குறுவாள் எல்லாம் கல்லிலேயே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் சாய்வாக விழும்போது போய்ப் பார்த்து வரைந்துகொள். ஈரோடு வ.உ.சி. பூங்காவில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கும் ஒரு நாள் போ.

ஒரு நீளமான நோட்டு வாங்கி, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் விடு. நீளம், அகலம், மூன்று இடத்துத் தடிமன், எடை. அதற்குக் கீழே, கொடுத்தவர் வாயால் சொன்ன பேர், சொன்னபடியே. 'தொரட்டி' என்று சொன்னால் தொரட்டி, 'தொறட்டி' என்றால் தொறட்டி, நீ திருத்தாதே. யார் அடித்தது, எதில் அடித்தது (லாரி ஸ்பிரிங் பட்டை வந்த பிறகு அடித்ததா, முன்னாலா என்று கேள்), யார் பிடித்தது, எந்த வேலைக்கு. ஒரே கத்திக்கு இரண்டு ஆட்கள் இரண்டு பேர் சொன்னால் இரண்டையும் எழுது.

உன் கொடுவாளின் இரண்டாவது படத்தில் பிடிக்கு மேலே, முதுகை ஒட்டி, மூன்று சின்னப் புள்ளிகள் தெரிகின்றன. துருவா, கொல்லர் குத்திய குறியா என்று படத்தில் பிடிபடவில்லை. விஜயமங்கலம் போகிற வழியில் ஒரு பட்டறை உண்டு. அங்கே இருக்கிற பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. துருத்தியை மகன் கையில் கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார், காது கொஞ்சம் மந்தம், கண் நன்றாகத் தெரியும். மாசி பிறந்து நீ லீவுக்கு வரும்போது கொடுவாளை ஒரு சாக்கில் சுற்றி எடுத்து வா. துடைக்காமல் எடுத்து வா. அந்தப் புள்ளிகளை அவரிடம் காட்டுவோம்.

உன் அப்பிச்சி