கம்பி கட்டுமுன் எந்த டிராயிங்கைத் திறப்பது?

ஹைதராபாத்தின் கோகாபேட்டிலோ நானக்ராம்கூடாவிலோ உயரமான டவர் ஒன்றில் சைட் இன்ஜினியராகச் சேர்ந்திருக்கிறீர்கள். டிராயிங் எல்லாம் ஆட்டோடெஸ்க் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிளவுட் என்ற இணையத் தளத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். சரியான தாளைக் கண்டுபிடிக்கும் வழி இது.

உள்ளே நுழைந்ததும் மேலே இடப்பக்கம் இருக்கும் ப்ராஜெக்ட் பெயரைப் பாருங்கள். ஒரே பில்டரின் டவர் ஏ, டவர் பி தனித்தனி ப்ராஜெக்டாக இருக்கலாம். கன்சல்டன்ட் நிறுவனமும் உங்களை அழைத்திருந்தால் கணக்கே இரண்டு இருக்கும். பெயரைச் சரிபார்த்த பிறகு ஃபைல்ஸ் பகுதிக்குப் போங்கள். இடப்பக்கம் ஃபோல்டர்கள் கிளை கிளையாக விரியும். சக ஊழியருக்குத் தெரியும் ஃபோல்டர் உங்களுக்குத் தெரியவில்லையென்றால் அது அனுமதிச் சிக்கல். ப்ராஜெக்ட் அட்மினிடம் கேளுங்கள். வாட்ஸாப்பில் பிடிஎஃப் அனுப்பச் சொல்லாதீர்கள். அப்படி வந்த பிரதிக்கு அடுத்த ரிவிஷன் வந்தது தெரியாது.

அடுத்தது ஃபோல்டரின் நிலை. 2018-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 19650 தரநிலையைப் பின்பற்றும் ப்ராஜெக்டில் நான்கு அடுக்குகள் இருக்கும்: வொர்க் இன் ப்ரோக்ரஸ், ஷேர்ட், பப்ளிஷ்ட், ஆர்க்கைவ். முதலாவது வரைபவரின் மேசை, இரண்டாவது மற்ற துறையினர் பார்த்துக் கருத்துச் சொல்லும் இடம். சைட்டுக்கு உரியது பப்ளிஷ்ட் மட்டும். பல அலுவலகங்களில் அதற்கு ஜி.எஃப்.சி. (குட் ஃபார் கன்ஸ்ட்ரக்‌ஷன்) என்றே பெயர் வைத்திருப்பார்கள். ஷேர்டில் இருக்கும் டிராயிங் எவ்வளவு முடிந்ததுபோல் தெரிந்தாலும் அதை வைத்துக் கம்பி வெட்டக் கூடாது.

பலரும் குழம்புவது வெர்ஷனிலும் ரிவிஷனிலும்தான். ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் வி5 என்று இருப்பது, அதே பெயரில் ஐந்தாவது முறை ஏற்றப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறது. டிராயிங்கின் டைட்டில் பிளாக்கில் ஆர்3 என்று இருக்கலாம். கம்பிக்குக் கணக்கு ஆர்3தான். வி5-ஐ அழுத்தினால் பழைய வெர்ஷன்கள் வரிசையாக வரும். இரண்டைத் தேர்ந்தெடுத்து கம்பேர் கொடுத்தால் மாறிய இடம் நிறத்தில் தெரியும். பீமில் ஒரு கம்பி கூடியிருந்தாலும் கண்ணில் படும். காங்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் இந்த ஒப்பீட்டைக் கட்டாயம் செய்யுங்கள். நீங்களே ஏற்றுவதாக இருந்தால் ஃபைல் பெயரில் ஆர்2, ஆர்3 சேர்க்காதீர்கள். பெயர் மாறினால் மென்பொருள் அதைப் புது ஃபைலாக எடுத்துக்கொள்ளும்; பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சைட்டில் தப்பான தாள் கைக்கு வர இது போதும்.

செல்லாரில், அதாவது கட்டடத்தின் அடித்தளத்தில், சிக்னல் கிடைக்காது. இறங்குமுன் சைட் ஆபீஸ் வைஃபையில் அன்றைய டிராயிங்குகளை மொபைல் ஆப்பில் ஆஃப்லைனுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். மேலே வந்ததும் மறுபடி சிங்க் செய்யுங்கள்.

அனுமதி பெற்ற ப்ளானுக்குத் தனி ஃபோல்டர் வேண்டும். தெலங்கானாவில் 2020-இல் வந்த டிஎஸ்-பிபாஸ் முறையில் 500 சதுர மீட்டர் வரையிலான மனையில் 10 மீட்டர் உயரம் வரையிலான வீடுகளுக்கு உடனடி அனுமதி தரப்பட்டது. டவர் போன்ற பெரிய கட்டடம் ஒற்றைச் சாளர முறையில் வந்தது. அப்படி அனுமதியான ப்ளானை ஜி.எஃப்.சி.யோடு கலக்காதீர்கள். ஆய்வுக்கு அதிகாரி வந்தால் காட்ட வேண்டியது அதைத்தான். அந்த ஃபோல்டரில் எல்லோருக்கும் பார்க்கும் உரிமை போதும். மாற்றும் உரிமை ஒருவரிடம் இருக்கட்டும்.