நீங்கள் கண்டதே சாட்சியம்

1985 மே 15 அன்று நெடுந்தீவுக் கடலில் குமுதினிப் படகில் சென்ற பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். காயத்தோடு தப்பியவர்கள் நடந்ததைச் சொன்னார்கள். அதனாலேயே குறைந்தது 23 பேர் இறந்ததைச் சர்வதேச மன்னிப்புச் சபை விபரமாகப் பதிவுசெய்ய முடிந்தது.

காரைநகருக்குத் திரும்பும் உங்களிடமும் மனித உரிமை அமைப்புகள் வாக்குமூலம் கேட்டு வரலாம். அப்போது இவற்றைக் கவனியுங்கள்:

• நேரில் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்துச் சொல்லுங்கள். இரண்டும் கலந்தால் கண்டதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

• திகதி நினைவில்லையா? ஊகிக்க வேண்டாம். ஈழத்துச் சிதம்பரத் திருவெம்பாவைக்கு முன்னரா, பின்னரா என்று சொன்னாலும் போதும்.

• அடையாள அட்டை, காணி உறுதி, முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை மட்டும் கொடுங்கள். மூலப் பத்திரங்கள் உங்களிடமே இருக்கட்டும்.

• வளவில் பற்றை வெட்டும்போதோ கிணறு இறைக்கும்போதோ மனித எலும்பு தென்பட்டால் தொடாதீர்கள். கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். நீதவானின் உத்தரவோடுதான் அவ்விடத்தைத் தோண்டலாம். கிளறிய இடத்தில் தடயம் அழிந்துவிடும்.

• வந்தவர் யார், வாக்குமூலம் யாரிடம் போகும் என்று முதலில் கேளுங்கள். உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் எனச் சொல்லலாம். பேச மனமில்லையென்றால் மறுக்கலாம். அதற்காக எமது உதவி எதுவும் நிறுத்தப்படமாட்டாது.